யட்டியாந்தோட்டைக்காரன் கரையேறினான்

கப்பல் சாய்ந்து தண்ணீர் சமையலறைக்குள் பாய்ந்தபோது, இந்திரகுமாருக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. பருப்பு அப்போதுதான் பதமாக வெந்திருந்தது.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். மாலைதீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் சின்னச் சரக்குக் கப்பலில் சமையலுக்கு உதவியாள். சமையல்காரர் றம்ஸீன், குருவிட்டக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் இவனுக்கு அவர் நானா, அதாவது அண்ணன்.

நானாவுக்கு நீச்சல் தெரியாது. களனி ஆற்றில் குதித்து வளர்ந்த இந்திரகுமார் அவரைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துப் போய் மிதவைக்குள் தள்ளி, தானும் ஏறினான். மற்றவர்களின் படகைக் காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

வெயில் காய்ந்தது. மிதவையில் இருந்த குடிதண்ணீரும் தீர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியொரு மத்தியானம் வானம் கறுத்து, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இருவரும் கூரைத்துணியை விரித்துப் பிடித்து, தேங்கியதை வாளியில் ஊற்றினார்கள்.

"நானா, தோட்டத்துல மழ பேஞ்சா றப்பர் பால்வெட்டு இல்ல, சம்பளமும் இல்ல. மழைய நான் ஏசாத நாளே இல்லீங்க!"

"அப்ப மொதல்ல மன்னிப்புக் கேளு தம்பி. கேட்டுட்டுக் குடி!"

இந்திரகுமார் அண்ணாந்து, "மன்னிச்சிரு தாயே!" என்று கத்தினான். நானா சிரித்த சிரிப்பில் மிதவையே ஆடியது.

மறுநாள் ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டது. தூக்கி ஏற்றிய மீனவர் எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். இவனும் சிங்களத்திலேயே சொன்னான்.

"யட்டியாந்தோட்டையா? அங்க ஏதுடா கடல்!" என்று படகே சிரித்தது. மற்றவர்களை ஒரு கப்பல் காப்பாற்றிவிட்டது என்ற செய்தியை அவர்கள்தான் சொன்னார்கள். அதைக் கேட்டபிறகே சோறு உள்ளே இறங்கியது.

பேருவளைத் துறைமுகத்தில் இறங்கியதும் இரவல் போனில் மனைவி சுகந்தினியைக் கூப்பிட்டான். எங்கே இருக்கிறான் என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். "பேருவளையில. காலையில வந்துருவேன், வீட்டுலயே இரு" என்றான்.

காலையில் வந்து பார்த்தால் வீட்டுக் கதவில் பூட்டு. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் ஓடிவந்து கட்டிப்பிடித்தது. யாரோ தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் போன் அடித்தது. சுகந்தினிதான்.

"ஏங்க, எங்கங்க இருக்கீங்க?"

"நம்ம வாசல்ல. நீ?"

"பேருவளையில! இருக்கப் பொறுக்கல, மொத பஸ்ஸுலயே ஏறி வந்துட்டேன்."

"அங்கேயே நில்லு, வர்றேன்."

"வேணாம்! நீங்க நில்லுங்க, நான் வர்றேன்."

இருவருமே நிற்கவில்லை. அவள் உடனே திரும்பினாள்; இவனை லயத்துச் சனம் மத்தியானச் சோறு போட்டுத்தான் பஸ் ஏற்றியது. வழியில், பஸ் மாறும் அவிசாவளை ஸ்டாண்டில், எதிரெதிராக நின்ற இரண்டு பஸ்களில் இருந்து ஒரே நேரத்தில் இறங்கினார்கள். சுகந்தினி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அத்தனை பேர் பார்க்க, அவன் தோளில் முகம் புதைத்துச் சிரித்தாள்.