ஆர்வில் கழற்றிப் போட்ட எஞ்சின்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விலையை முடிவு செய்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் போச்சு. புத்தி போய்விடும், பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் எப்போதும் போல அன்றைக்கும் வழியில் ஒரு உணவகத்தில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டபடி என் கொழுந்தன் வெண்டலிடம் கணக்கை ஒப்பித்தேன்.

"நாப்பத்திரண்டாயிரம் டாலர். அதுக்கு மேல நான் வாயைத் திறந்தா என்னைத் தரதரன்னு வெளியே இழுத்துட்டு வந்துடு."

"போன தடவை இழுத்தேன். சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம் அண்ணி" என்றான் வெண்டல்.

எனக்கு டொலீடோவில் கூரை வேயும் தொழில். கையில் காசு இருக்கும், ஆனால் கொட்டிக் கிடக்காது. இந்தக் காருக்காக என்னிடமிருந்த மற்ற இரண்டு கார்களையும் விற்றிருந்தேன். 1970 செவெல், சூப்பர் ஸ்போர்ட், செக்கச் சிவப்பு. பதினாறு வயதில் ஒரு பயல் அதில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டான். பயலை மறந்துவிட்டேன். காரை மறக்க முடியவில்லை. அப்படி ஒன்று இண்டியானாவில் ஒரு பண்ணை வீட்டில் விலைக்கு இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் ஷெட் காலியாகக் கிடந்தது. வெறுங்கையோடு திரும்பினால் அதன் முகத்தில் எப்படி விழிப்பேன்!

கார்க்காரர் பெயர் ஆர்வில். எழுபத்தைந்து வயது இருக்கும், வாய் மட்டும் இருபது. மனைவி நெட்டியோடு அரிசோனாவில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார். கொட்டகைக் கதவைத் தள்ளியதும் கார் தெரிந்தது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஐயோ ஐயோ என்று அடித்துக்கொண்டது.

பெயின்ட் கீறாமலிருக்கக் காலுறைக்குள் போட்டு வைத்திருந்த காந்தத்தை எடுத்துக் காரின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் ஒட்டாமல் வழுக்கியது.

"இங்க தகரமே இல்ல, ஓட்டையை அடைச்ச பட்டிதான் இருக்கு" என்றேன்.

"எழுபத்தஞ்சு வயசுல உன் உடம்புலயும் எங்கயாவது பட்டி இருக்கும்மா" என்றார் ஆர்வில்.

முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வண்டி எண்ணைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டேன். எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்தேன். தொழிற்சாலையில் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் அடிப்பார்கள். ஒத்துப்போகவில்லை.

"இது வேற எஞ்சின்."

"வேறதான்! தொழிற்சாலையில போட்டது சொத்தை. பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் என்னைப் பந்தயத்துல ஜெயிச்சிட்டான். மறுவாரமே அதைப் பிடுங்கிப் போட்டுட்டு இதை நானே கட்டினேன். அப்புறம் ஒரு பயலும் என் முன்னால போனது இல்ல." சாவியைத் திருப்பினார். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. வெண்டல் கெட்ட வார்த்தை ஒன்றைப் பக்தியோடு சொன்னான்.

ஐம்பது கேட்டார். கூடவே பிறந்த எஞ்சின் இல்லாத காருக்கு ஐம்பதா என்று நான் எகிறினேன். அவர் முறைத்தார், நான் முறைத்தேன். கடைசியில் அவர் நாற்பத்துநாலில் நின்றார், நான் நாற்பதில் நின்றேன். நெட்டி வந்து, கத்தினது போதும், காப்பி ஆறுகிறது என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் கண்ணாடி மேஜை. கண்ணாடிக்குக் கீழே கால்களுக்குப் பதில் ஒரு எஞ்சின் பிளாக், வெறும் இரும்புக் கூடு, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. கார்ப் பைத்தியங்கள் வீட்டில் இது சகஜம். என் தட்டிலிருந்து ஒரு கேக் துண்டு கீழே விழுந்தது. குனிந்தேன். பெயின்ட்டுக்கு அடியில் எண்கள் தெரிந்தன. படித்தேன். மறுபடி படித்தேன். அந்தக் காரின் எண்.

கூடவே பிறந்த எஞ்சின் இருக்கும் காருக்குத்தான் சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். இந்த இரும்பு காரோடு சேர்ந்தால் நாற்பது என்பது அறுபதாயிரம் ஆகும்.

ஆர்வில் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, நாப்பத்தொண்ணு. முடிச்சுக்கலாம். வேணும்னா இந்த மேஜையையும் எடுத்துட்டுப் போ. புது வீட்டுல நெட்டி இதை உள்ளே விட மாட்டேங்கிறா." கையை நீட்டினார்.

எங்களைப் போன்ற கார்ப் பைத்தியங்களிடம் கை குலுக்கியாகிவிட்டால் பத்திரம் எழுதினது போல, அப்புறம் பேச்சே கிடையாது. என் கை பாதி தூரம் போனது. வெண்டலும் எண்ணைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, என் காலை மிதித்தான். கையைக் கொடு, கொடு என்று அர்த்தம்.

விலைக்காக நான் பல்லைக் கடித்துச் சண்டை போடுவேன். ஆனால் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரிடம் அதைப் பிடுங்க மாட்டேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இது மேஜை இல்ல. அந்தக் காரோட சொந்த எஞ்சின். ரெண்டும் சேர்ந்தா அறுபது போகும்."

"அண்ணி!" என்றான் வெண்டல், அழாத குறையாக.

நெட்டி தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப அறுபது."

"நியாயம்தான். என்கிட்ட அறுபது இல்ல" என்று எழுந்தேன்.

"உக்காரு" என்றார் ஆர்வில். அவர் முகம் சிவந்திருந்தது. "உண்மையைச் சொல்லு. எது நல்லா ஓடும்?"

"நீங்க கட்டினது. அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் எந்த மடையன் அந்தச் சொத்தைக்கு இருபதாயிரம் கூடக் குடுப்பான்?"

"என்னை மாதிரி ஆளுங்க."

"என் எஞ்சினை என்ன பண்ணுவாங்க?"

"கழட்டி மூலையில போடுவாங்க" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "மூலையிலயா! அது என்கூட அரிசோனாவுக்கு வரும். யாருக்கும் தர மாட்டேன்" என்றார்.

எனக்குள் கணக்கு சட்டென்று ஓடியது. தப்போ சரியோ, உரக்கவே சொன்னேன்: "அப்படின்னா கேளுங்க. சொந்த எஞ்சினோட ஓடுற கார், உங்க எஞ்சினும் சேர்த்து அறுபது. இந்தக் கூட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல, ஓட வைக்கப் பத்தாயிரம் ஆகும். அம்பது. உங்க எஞ்சினை நீங்களே வெச்சுக்கிறீங்க, அது எட்டாயிரம் பெறும். நாப்பத்திரண்டு. வேற யாரைக் கேட்டாலும் இதே கணக்குதான் சொல்லுவாங்க. கேட்டுப் பாருங்க, நான் காத்திருக்கேன்."

நெட்டி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "கழிச்சது சரியாத்தான் இருக்கு. ஆனா பழைய இரும்புக்கு எட்டாயிரத்தை விடுறதா?" என்று கணவரைக் கேட்டாள்.

"பழைய இரும்பு இல்ல நெட்டி, அதுதான் நான்" என்றார் ஆர்வில். அவள் அவரையே பார்த்துவிட்டு, "குடுத்துத் தொலை" என்றாள். குரலில் கோபம் இல்லை.

கை குலுக்கினோம். வெண்டல் பெருமூச்சு விட்டான்.

"வா, அதைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சுத்து" என்றார் ஆர்வில். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே நேர் சாலை. மிதித்தார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் ஆயுளில் எந்தக் காரும் என்னை இப்படித் தூக்கிக்கொண்டு போனதில்லை. இதைக் கழற்றிவிட்டு இதைவிட மெதுவான ஒன்றைப் போடத்தான் கையிலிருந்த கடைசி டாலரையும் கொடுக்கப் போகிறேன்.

ஆர்வில் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார்: "இப்பவும் அந்தச் சொத்தைதான் வேணுமா?"

"வேணும்!" என்று நானும் கத்தினேன்.

"பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் அழுத்தி மிதித்தார்.