யார் கையால்?

மன்னார்குடியில் பாத்திரக்கடை மாடியில் இருந்தது அந்த அனிமேஷன் ஸ்டூடியோ. அங்கே வேலை பார்த்த செம்மொழிக்குப் பக்கத்து மேசை அனீஸாவுக்கு. கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள், செம்மொழியைவிடப் பத்து வயது மூத்தவள். நடவு பற்றிய பாடப்படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வயலில் நாற்பது பெண்கள் குனிந்து நடவேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தால் பள்ளிக்கூட டிரில் போலிருக்கும். அதனால் ஒவ்வொருத்தியின் அசைவையும் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளவேண்டும். அசைவுகள் திரையில் வளைகோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரியும். அந்தப் புள்ளிகளை மவுஸால் பிடித்து இழுப்பதுதான் அனீஸாவின் வேலை. மூன்றே மாதத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இந்தப் புள்ளிகளைத் தானாகவே நகர்த்தும் சிறு நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம் என்று செம்மொழி நினைத்தாள். முடியவில்லை. எந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற விவரத்தை, அசைவுகளைத் திருத்தும் அந்த எடிட்டர் மென்பொருள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது, ஸ்கிரிப்டுக்குத் தரவில்லை. நல்லவேளை, அது இலவச மென்பொருள், அதன் நிரலை யாரும் திறந்து திருத்தலாம். அவள் வீட்டில் தன் லேப்டாப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்து அதற்கு வழிசெய்து, மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கு அனுப்பினாள்.

ஐந்து மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. உள்விவரங்களை வெளியே காட்டிவிட்டால் பிறகு எடிட்டரை மாற்றுவது சிரமம், இதையெல்லாம் கையாலேயே செய்துகொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார்.

செம்மொழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அனீஸாவிடம் கேட்டு அவள் கையைப் படமெடுத்தாள். "கையால் என்கிறீர்களே, யார் கையால்? இந்தக் கை ஒரு நாளைக்கு மூவாயிரம் முறை இழுக்கிறது" என்று படத்தோடு எழுதினாள். மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பிலேயே அது வந்துவிட்டது.

அதை வைத்து அவள் தன் லேப்டாப்பில் ஸ்கிரிப்டை எழுதினாள். இரண்டு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. செம்மொழி, முதலாளி இளஞ்செழியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அனீஸாவிடம் சொல்லிவிட்டார்.

"இனி ஒரு ஆள் போதும்ல. அவங்களுக்கும் ரெஸ்ட்" என்றார், உபகாரம் செய்கிற குரலில்.

"அவங்களுக்காகத்தான் சார் எழுதினேன். அவங்கள அனுப்புறதுக்கு இல்ல."

"அத நான் பாத்துக்கிறேம்மா. நீங்க அந்த ஸ்கிரிப்ட சர்வர்ல போடுங்க."

"மென்பொருள்ல வழி இருக்கு, அது எல்லாருக்கும் போட்டது. ஸ்கிரிப்ட நீங்களே எழுதிக்குங்க."

லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கினாள். இந்த ஊரில் உனக்கு எவன் வேலை தருகிறான் பார்க்கிறேன் என்று அவர் மேலிருந்து கத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் அனீஸாவும் கோபமாகத்தான் இருந்தாள். "நானும் போயி, நீயும் போயி, இதுல யாருக்கு என்ன லாபம்? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கூத்தாநல்லூர் பஸ் வந்தபோது செம்மொழியும் அவளோடு ஏறிக்கொண்டாள்.

இப்போது கூத்தாநல்லூரில் அனீஸாவின் வீட்டு முன்னறையில் இருவரும் மற்ற ஸ்டூடியோக்களின் வேலையை எடுத்துச் செய்கிறார்கள். யார் எப்போது குனியவேண்டும் என்று அனீஸா சொல்வாள், ஸ்கிரிப்ட் நகர்த்தும். இளஞ்செழியன் மேலிருந்த ஆத்திரம்கூடச் செம்மொழிக்குக் கொஞ்சம் தணிந்துவிட்டது. அனீஸாவிடம் சொல்லாமல் ஸ்கிரிப்டை முதலில் அந்த ஆளிடம் காட்டினோமே என்று தன் மேல் வந்த ஆத்திரம்தான் இன்னும் தணியவில்லை.