ஹால் சாவிக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. தோற்றவர் ஜெனி. தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் தத்துவம் நடத்துகிறார். எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு நாம் ஏன் கடமைப்பட்டிருக்கிறோம், அந்தக் கடமைக்கு எது அடிப்படை என்பதுதான் அவர் பாடம். குடியிருப்பது அருகே, மழைக்கு மழை வெள்ளம் புகும் முடிச்சூரில். அவர் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அந்த டிசம்பரில்...’

(வேண்டாம். முடிச்சூர்க்காரர்களுக்கு யாரும் மழையை வர்ணிக்கத் தேவையில்லை.)

2

தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கத்து மனையில் கட்டட வேலை செய்யும் நேபாளக் குடும்பங்கள், தகரக் கொட்டகை மூழ்கியதும் ஜெனி குடியிருக்கும் அடுக்ககத்தின் கேட்டில் வந்து நின்றன. முதல் மாடியில் குடியிருப்போர் சங்கத்து ஹால் பூட்டிக் கிடந்தது. சாவி செயலாளர் சுந்தரராமனிடம். ஜெனி போய்க் கேட்டார்.

“கீழ்வீட்டுக்காரங்க ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் உள்ள இருக்கு மேடம். ஏதாவது காணாம போனா யார் பதில் சொல்றது? இவங்க நம்ம ஊரே இல்ல, நாடே இல்ல. நாம ஏன் பார்க்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க, சாவியைத் தரேன்.”

காரணம் சொல்வதுதானே ஜெனியின் தொழில்!

“இவங்க உழைப்புலதான சார் நாம குடியிருக்கோம்?”

“இந்த பில்டிங் கட்டினது ஒடிசா ஆளுங்க. இவங்க நமக்கு ஒரு செங்கல்கூட வெக்கல.”

“நீங்களே அங்க பொறந்திருந்தா?”

“பொறக்கலையே.”

“மனுஷங்க சார். அது போதாதா?”

“உலகம் பூரா மனுஷங்கதான். எல்லாரையும் ஹால்ல வெக்க முடியுமா?”

(முதல் வரைவில் சுந்தரராமனை வில்லனாக்கியிருந்தேன். ஆனால் அவர் கேட்டதையெல்லாம் ஜெனியின் மாணவர்களும் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

3

ஜெனி அதற்குமேல் வாதாடவில்லை. தண்ணீரில் இறங்கிப் போய், கைக்குழந்தையோடு நின்ற சரிதாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். மற்ற பெண்களும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் ஈரத்தோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்கள்.

“பெரிய மனசு மேடம் உங்களுக்கு” என்றார் சுந்தரராமன். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் ஜெனியைச் சுட்டது. நியாயம் என்று ஜெனி கேட்டது தானதர்மம் என்று ஆகிப்போனது. சரிதா வேறு, டீ கொடுத்தாலும் “தேங்க்ஸ் அக்கா”, துண்டு கொடுத்தாலும் “தேங்க்ஸ் அக்கா” என்று...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை.)

4

ஒரு முடிவு: சுந்தரராமன் மனம் மாறிக் கதவைத் திறக்கிறார். எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. ஆனால் அவர் மனம் மாறித் திறந்தால் அதுவும் தயவுதானே?

நடந்தது வேறு. மழை விட்டது. அவர்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். ஹால் கடைசிவரை திறக்கவேயில்லை.

இப்போது ஜெனி சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். வெள்ளம் வந்தால் ஹால் திறந்திருக்கும். வருவது யாராக இருந்தாலும் கெஞ்ச வேண்டியதில்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சுந்தரராமன் மறுபடி “ஏன்?” என்பார். கீழ்வீட்டுக்காரர்கள் அவர் பக்கம். ஜெனியிடம் புதிய காரணம் எதுவும் இல்லை.

வாசகரே, கை தூக்கச் சொல்லும்போது நீங்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீடு எந்த மாடியில், அல்லது எந்தக் கொட்டகையில் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை.