விரல் தூக்கும் வகுப்பு

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு ஒன்று விழுந்தது. சீட்டுக்கட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொன்றிலும் சுழித்துச் சுழித்து எழுதிய ஓர் எழுத்து, மூன்று வண்ணங்களில். பின்பக்கம் என் கணவரின் குண்டுக் கையெழுத்து: ‘உயர் வகை எழுத்து, நெடில், குறி இல்லை என்றால் ஏறும் தொனி. தாழ் வகைக்கு முதல் குறி போட்டால் இறங்கும் தொனி.’ கூடவே இரண்டு விளம்பரத் தாள்கள். தாய்லாந்து மொழியை இங்கேயே, கண்ணாடிக் கடை மாடியில், சனிக்கிழமைகளில் படிக்கலாம். அல்லது அந்த நாட்டுக்கே போய் மூன்று மாதம் படிக்கலாம். இரண்டாவது தாளில் தங்கும் அறை ‘ஒருவருக்கு’ என்ற இடத்தில் டிக் அடித்திருந்தது.

தங்கையிடம் போனில் சொன்னேன்.

“புதுசா பாஷை படிக்கிற ஆம்பளைக்கு அதுல பேச ஒரு ஆள் இருக்கணுமேக்கா,” என்றாள். “மாமா நம்மகிட்டயே நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரே.”

“வாயைக் கழுவுடி.”

அவள் வாயைக் கழுவச் சொன்னேனே தவிர, என் மனம் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்புவதில்லை. குளியலறைக்குள் ஏற்றி இறக்கி முனகுகிறார். கட்டிலில் பதினாறு வருடமாகச் சுவர் ஓரம் படுத்தவர், திடீரென்று எனக்கு இடம் மாற்றிக் கொடுத்து வெளிப்பக்கம் வந்துவிட்டார். ராத்திரி எழுந்து போனைப் பார்க்க வசதியாக இருக்குமோ?

சனிக்கிழமை அச்சகத்தில் ஓவர்டைம் என்று கிளம்பினார். பின்னாலேயே போனேன்.

மாடியில் வகுப்புக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. நான் கற்பனை செய்திருந்த ஆசிரியை இல்லை. தொப்பையும் தும்மலுமாக ஓர் ஆசிரியர். அவர் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்வார். அது ஐந்து தொனிகளில் எது என்று மாணவர்கள் விரல் காட்ட வேண்டும். எல்லோரும் தூக்கிய பிறகு, பக்கத்துப் பையனின் கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் கணவர் தூக்கினார். பிறகு ஆசிரியர் அதே மாதிரிச் சொற்களைப் பலகையில் எழுதினார். இவர் விதியைக் கூட்டிப் பார்த்து எல்லோருக்கும் முன்னால் விடை சொன்னார். எழுதிப் போட்டால் முதல் ஆள். வாயால் சொன்னால் கடைசி ஆள்.

அந்த ஓரக்கண்ணை எனக்குத் தெரியும். பத்து வருடமாக நான் வேலை செய்யும் காது பரிசோதனை மையத்தில், காது கேட்காதவர்களிடம் அதைத்தானே பார்க்கிறேன். கட்டிலில் இப்போது நான் படுப்பது அவருடைய இடது பக்கம். சமையலறை இருப்பது அவர் நாற்காலிக்கு வலது பக்கம்.

படியிறங்கி வந்தவர் என்னைப் பார்த்ததும் அட்டைக் கட்டைப் பைக்குள் தள்ளினார்.

“வலது காதா?” என்றேன், இடப்பக்கம் போய் நின்று.

வலது காதைத் தடவிக்கொண்டார். “இருபது வருஷமா அந்தப் பக்கம்தானே மெஷின் ஓடுது,” என்றார். “கம்பெனி தாய்லாந்துல புது பிரஸ் திறக்குது. ஃபோர்மேன் வேலை. பாஷை தெரியணும், காது டெஸ்ட்லயும் தேறணும்.”

“எங்கிட்ட சொன்னா என்ன?”

“நீ டெஸ்ட் பண்ணிடுவே. பண்ணா பொய் எழுத மாட்டே.”

“அந்த ஒத்த ஆள் ரூம்?”

“மூணு மாசம் ஒரே ரூம்ல கூடவே இருந்தா கண்டுபிடிச்சிட மாட்டியா?” என்று சிரிக்கப் பார்த்தார்.

“இங்க படிக்கிறதா, அங்க போய்ப் படிக்கிறதான்னு டெஸ்டுக்கு அப்புறம் பேசலாம், வாங்க.”

மையத்தின் சாவி என் பையில் இருந்தது. கண்ணாடி அறைக்குள் எனக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டினேன். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். இடது காதுக்குப் பிசகாமல் தூக்கினார். வலது காதுக்கு மாற்றினேன். அதற்கும் தூக்கினார், ஒவ்வொரு முறையும். மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும் எனக்கு. படிவத்தில் பேனா வைக்கப் போனவள் நிமிர்ந்தேன். அவருக்கு எதிரே இருந்த கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்களும்.

சத்தம் எழுப்பும் பொத்தானைத் தொடாமல், அதை அழுத்தும்போது அசைவதுபோலத் தோளை மட்டும் லேசாக அசைத்தேன்.

கண்ணாடிக்குள் அவருடைய விரல் மெல்ல எழுந்தது.