பதினைந்து மைல் கரண்ட்

மோட்டார் கார் ஒன்று இரண்டு மாடுகளுக்குப் பின்னால் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்ததை, 1927ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, பாதிக் கொழும்பு பார்த்தது. மீதிப் பாதி, பார்த்ததாகச் சொல்லிக்கொண்டது.

"ஓட்டிட்டு வந்தா கரண்ட் வீணாப் போகுமே ஐயா," என்றார் மருதானைத் தரகர் ஸஹாப்தீன், கயிற்றை அவிழ்த்தபடி. "ஃபுல்லாக் கரண்ட் ஏத்தீக்கி. பதினஞ்சு மைல் ஓடும். சத்தமில்ல, பொகையில்ல. ஓட்டிப் பாருங்க. புடிச்சா ஊட்டுலயே கரண்ட் ஏத்துற பெட்டி பூட்டித் தாரன்."

சீமைக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்காரி ஒருத்தி பத்து வருடம் ஓட்டிய, பெட்ரோல் இல்லாமல் பற்றரியில் ஓடும் மின்சாரக் கார். மருந்துக்கடைக் கண்ணாடி அலுமாரிக்குச் சக்கரம் பூட்டியதுபோல் இருந்தது. திருப்ப வட்டம் கிடையாது; தோணிச் சுக்கான்போல ஒரு தடி.

அதை வாங்க நினைத்த கதிர்காமநாதனுக்கு வேண்டியது அந்தப் 'பொகையில்ல' ஒன்றுதான். மனைவி ஜெகதீஸ்வரி கொட்டாஞ்சேனைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ரயிலின் கரிப்புகை நெஞ்சில் ஏறினால் அவளுக்கு இழுப்பு. அந்தச் சத்தத்தைத் தன் விசில் என்று நினைத்து ரயில் கார்ட் ஒருமுறை பச்சைக்கொடி காட்டிவிட்டான் என்று கதிர்காமநாதன் சத்தியமே செய்வார். உயிரா, பள்ளிக்கூடமா என்று டொக்டர் கேட்டுவிட்டார். ராஜினாமாக் கடிதம் கைப்பைக்குள் தயாராக இருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போய்வரப் பதின்மூன்று மைல். யாரும் தள்ளாமல் கார் தானாகத் திரும்பி வந்தால் கடிதம் கிழியும் என்பது ஜெகதீஸ்வரியின் கணக்கு. வராவிட்டால் திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போகும்.

இருவரும் ஏறி வாசல் படலையைத் தாண்டவில்லை, பக்கத்து வீட்டுப் பத்மாவதி தலையை நீட்டினாள்.

"எங்க தம்பி வெளிக்கிட்டாச்சு?"

போகிறவரை எங்கே என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. கதிர்காமநாதன் இறங்கி, வீட்டுக்குள் போய் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பம்பலப்பிட்டியில் கந்தோரில் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் கைதட்டி நிறுத்தி அதையே கேட்டார். கதிர்காமநாதன் காரை வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"தண்ணி குடிக்க வேணுமே."

"உங்கட தண்ணி ரெண்டு மைல். மிச்சம் பதின்மூண்டு. ஒரு முழம்கூடக் கூடுதலா இல்லை!"

கொள்ளுப்பிட்டியில் மூன்றாவது ஆள் குடையை உயர்த்தி வாயைத் திறந்தார். ஜெகதீஸ்வரி கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்:

"போகேல்லை, வாறம்!"

அரை மார்க்குக்காகப் பிள்ளைகளை அழவைக்கிறவள் நடுத்தெருவில் பொய் சொன்ன அழகில் கதிர்காமநாதனுக்கு மறுபடி ஒருமுறை தாலி கட்டலாம்போல் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

திரும்பும்போது கோட்டைவரை கார் காற்றாய்ப் பறந்தது. கொள்ளுப்பிட்டியில் காற்றுக் கொஞ்சம் குறைந்தது. பம்பலப்பிட்டியில் சைக்கிள் முந்தியது, பிறகு மாட்டுவண்டி, பிறகு கடலை தின்றுகொண்டு ஒரு கிழவர். வெள்ளவத்தைப் பாலத்தின் ஏற்றம் வந்தது. அதைக் கடந்துவிட்டால் வீடுவரை இறக்கம், உருண்டே போய்விடலாம்.

"பாரத்தைக் குறைப்பம்," என்று ஜெகதீஸ்வரி இறங்கி, காரின் பக்கத்தில் நடந்தாள். அவள் நடைக்குக் கார் ஈடுகொடுக்கவில்லை. அவர் பாதையைப் பார்க்கவில்லை, அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமில்லாத கார் ஆகையால் நன்றாகக் கேட்டது: சீராக, விசிலே இல்லாமல்.

பாலத்தின் உச்சிக்கு ஒரு சாண் இருக்கையில் கார் நின்றது.

"தொடாதையும்! தள்ளினால் கணக்கில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஆர் தள்ளினது?" அவள் பின்பக்கம் போனாள். குழப்படிக்காரியை வகுப்புக்குள் அனுப்புவதுபோல, பின் கண்ணாடியில் ஒரே ஒரு விரலை வைத்தாள். "சூடாய்க் கிடக்கோ எண்டு பாக்கிறன்."

கீழே வாய்க்காலில் தோணிக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். கண்ணாடியில் மாலை வெயிலும் அந்த விரலும் ஒட்டிக்கொண்டிருக்க, முன்சக்கரம் உச்சியை நோக்கி ஒரு நூல் அசைந்தது.