துணையாள் கூலி

மாநிலத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற சந்தாவில் மருத்துவ இன்சூரன்ஸ் கொண்டுவரலாமா என்று அந்த வருஷம் சர்க்காருக்கு ஒரு யோசனை பிறந்தது. சர்க்காருக்கு யோசனை பிறந்தால் பிரசவ வேதனை குமாஸ்தாவுக்குத்தான். மதுரைக்கான வரைவை எழுதும் வேலை சுப்பராமன் தலையில் விழுந்தது. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணமில்லை, வில்லாபுரத்தில் ஒற்றை அறை.

வருகிற தை மாதம் செல்லூரில் வெள்ளோட்டம் என்று முடிவாகியிருந்ததால், ஜனங்களுக்கு என்ன வேண்டுமென்று கேட்க அங்கே போனார். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த ரங்கநாயகி, புருஷனும் பிள்ளையும் இல்லாதவள், தன் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னாள். டாக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் கூட இருந்து கஞ்சி கொடுக்க, பிடித்துத் தூக்க ஓர் ஆள் வந்தால்தான் படுக்கை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் குடியிருக்கும் வளவில் நல்லது கெட்டதுக்கு அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் உண்டு. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு யார் வந்து உட்காருவார்கள்?

சுப்பராமன் அன்றே வரைவில் ஒரு வரி சேர்த்தார். தனியாக வாழ்பவர்களுக்குத் துணையாள் கூலியையும் இன்சூரன்ஸே தர வேண்டும். அவளிடமும் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வரைவைப் பரிசீலிக்கும் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் அந்த வரியைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மருந்துக்கே பணத்தைக் காணோம், துணைக்கு ஆள் வேறா என்றார்.

"சுப்பராமன், இது உமக்காகப் போட்டுக்கிட்டதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன மாசக் காய்ச்சலில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க நாதியில்லாமல் கிடந்தவர்தான். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்தார்.

மறுநாள் செல்லூருக்குப் போய் நடந்ததை, தான் காய்ச்சலில் தனியாகக் கிடந்தது உட்பட, ஒளிக்காமல் சொன்னார். அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்களுக்கும் யாரும் இல்லைன்னு அங்க சொல்லியிருக்கலாம்ல சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கம்மா. லீவு போட்டுட்டு நானே வந்து கூட இருக்கேன்."

இத்தனை வயதில் அவர் யாருக்கும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை. ரங்கநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னீகளே, அம்புட்டுப் போதும். பொம்பளைக வார்டுல ஆம்பளையை விடமாட்டாக சார்."