குப்பண்ணன் வீட்டுப் பதிகங்கள்

பெருமாட்டி கிராமத்தில் மார்கழி ஓசையோடுதான் வரும். கணவாய் வழியே இறங்கும் கீழைக்காற்று தென்னந்தோப்புகளை இரவும் பகலும் உலுக்கும். வயல்மேல் பனி வெண்துகிலாய்க் கிடக்கும். ஊரே ஒரு திருநாமத்துக்குச் செவி சாய்த்திருப்பதுபோல் தோன்றும். அம்மாதத்தில் குப்பண்ணன் ஈசுவரன் கோவிலில் வாய் திறந்தால், கொச்சியில் மகள் மாதுரியும் கோவையில் மகன் கௌசிக்கும் அதே அடியை அதே கணத்தில் பாடினார்கள். இருவரும் ஒரு பதிகத்தையும் கற்றவர்கள் அல்லர். பிறந்த முப்பதாம் நாள் குழந்தையைச் சன்னதியில் கிடத்தி, "என்னயாட்டமே இருக்கோணுஞ் சாமி" என்று பெற்றவர் வேண்டுவது அவ்வீட்டு வழக்கம். சாமியும் கேட்டபடியே கொடுத்துவிட்டார். ஆகவே அங்கே புத்தகம் வாங்கியவர் எவருமில்லை.

அறுபத்தெட்டாம் வயதில் குப்பண்ணனுக்கு மறதி நோய் கண்டது. அவர் இழந்த பாட்டை அன்றே பிள்ளைகளும் இழந்தனர். தை மாதத்தில் ஒருநாள் மனைவி பூவாத்தாளின் பெயர் தெரியாமல் அவர் விழித்தபோது, மாதுரியும் தாயின் பெயர் தெரியாமல் விழித்தாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். வயிற்றிலிருப்பதும் இதே வரிசையில்தான் நிற்கிறது என்பது அவளுக்கு விளங்கியது.

கௌசிக் தொலைபேசியில் சிரித்தான். "பேரு மறந்தா என்னக்கா? அம்மான்னு கூப்பிட்டாப் போதாதா?"

"உம்பட பேரு மறக்கறப்பத் தெரியுண்டா உனக்கு."

மென்பொருள் எழுதுவது அவள் தொழில். தாய் நிரலில் ஒரு வரி கெட்டால் அதன் வழிப் பிறந்த நிரல்களெல்லாம் கெடும். அப்படிக் கெட்ட பன்னிரண்டு நிரல்களை முந்தைய ஆண்டுதான் தாய் நிரலிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தி, வேண்டும்போது மட்டும் மற்றொன்றிடம் வேலையை ஒப்படைக்கும்படி அவள் மாற்றியிருந்தாள். பிறப்பால் வருவது கீழ்நோக்கி மட்டுமே வரும்; ஒப்படைப்பு எத்திசையிலும் செல்லும். அவள் பேருந்தேறிச் சன்னதிக்கு வந்து நின்றாள். "எங்கப்பனாட்டம் இருந்தது போதுஞ் சாமி. இனி நானே படிச்சுக்கறேன். அவரு கேட்டா நாங் குடுக்கறேன். நாங் கேட்டா அவரு குடுக்கட்டும்."

அக்கணமே பதிகங்கள் யாவும் அவள் நாவை விட்டு நீங்கின. பூவாத்தாள் என்ற பெயர் மட்டும் திரும்பி வந்தது. பக்கத்து ஊரான சித்தூரில் பதிகப் புத்தகம் வாங்கி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். நாளுக்கு ஒரு பாட்டு. பிரசவத்தன்று மட்டும் அரைப் பாட்டு. தன் பெயரைத் தேடி ஒரு முழுநாள் அலைந்த கௌசிக்கும் ஆடியில் அதே சன்னதியில் வந்து நின்றான்.

அடுத்த மார்கழியில் குப்பண்ணன் முதலடியோடு நின்றார். கூட்டம் காத்திருந்தது. கைக்குழந்தையோடு தூணருகே நின்றவளை அவர் திரும்பிப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை.

"அம்மணி, மேக்கொண்டு வரமாட்டீங்குது. நீயே பாத்துக்க."

"ஆகட்டுங்கப்பா" என்றாள் மாதுரி. அவள் உதடுகள் பிறகு அசையவில்லை. குப்பண்ணன் வாயிலிருந்து, குப்பண்ணன் குரலிலேயே, அவள் கற்றபடி அப்பதிகத்தின் பதினோரு பாட்டும் பிசகாமல் எழுந்தன. தீபாராதனைக்கு நேரமாகிறது என்று மட்டும் குருக்கள் சொன்னார்.

குப்பண்ணன் படியில் நெற்றி பதிய வணங்கி எழுந்து, பெயரறியாத அப்பெண்ணுக்கும் குழந்தைக்கும் திருநீறு இட்டார். "நல்லா இருங்க கண்ணு. ஒரு கொறையும் வராது."